நிற்கிற வண்டிக்குப் படுதா

புரட்டாசி முடிகிற சமயத்தில் ஜெர்மன்காரத் துரை ஊருக்குப் போனார். போகும்போது தன் வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

வண்டி என்றால் காரோ ஜீப்போ இல்லை. பஸ். பஸ்ஸுக்குள் ஒரு வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல், பக்கத்திலேயே புகை போக ஒரு குழாய். பின்பக்கம் மேலே ஏற இரும்பு ஏணி. அவர் ஊரிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தாராம். கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்புக் கம்பெனி எழும்பிக்கொண்டிருந்த எழுபத்தாறாம் வருஷம் அது. மெஷின் மாட்டுகிற வேலைக்கு வந்தவர் ஓட்டலில் தங்காமல் அதிலேயே தூங்கினார், அதிலேயே சமைத்தார். நாங்கள் அதை ஊட்டு பஸ் என்போம்.

கம்பெனி மனையில் ஷெட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. திறந்த வெளியில், மூக்கு ரோட்டைப் பார்க்க, முதுகு கடலைப் பார்க்க அந்த பஸ் நின்றது. டயர் கெடாமல் இருக்கத் துரையே அதைத் தூக்கிக் கருங்கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கும்.

மேஸ்திரி இராமலிங்கம் என்னையும் கலியனையும் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் அவரிடம் மூட்டை இறக்குகிற ஆட்கள். கலியன் அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக ஆந்திரா முழுக்கச் சுற்றியவன். லோடுக்குப் படுதா கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவனோடு சேர்ந்து சேர்ந்து எனக்கும் அந்த வேலை வந்துவிட்டது.

"இந்த பஸ்ஸுக்குப் படுதா வாங்கி, தெச்சி, போத்தி உடறது உங்க வேல" என்றார் மேஸ்திரி. "மழ முடிஞ்சி தொரை வர்றச்ச உள்ள ஒரு பொட்டு தண்ணி கூடாது. இருந்துச்சி, ரெண்டு பேரும் ஊட்டப் பாத்து போய்க்கினே இருங்க. இல்லாங்காட்டி, கேட்டுல வாட்ச்மேன் வேல ஒண்ணு கீது. உங்க ரெண்டு பேர்ல ஒர்த்தனுக்கு."

"யாருக்கு மேஸ்திரி?" என்றான் கலியன்.

"அத அப்பால சொல்றன். இப்பவே சொன்னா இன்னொர்த்தன் கவுற லூசா கட்டுவான்."

கலியன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் இடது தோள் போய்விட்டிருந்தது. ஆடி மாதம் கூட்ஸ் ரயில் வேகனிலிருந்து சிமெண்ட் மூட்டை சரிந்தபோது பிடிக்கப் போய், உள்ளே ஏதோ அறுந்த மாதிரி ஆனது. அன்று முதல் அந்தக் கை மார்புக்கு மேலே எழும்பாது. மூட்டையை வலது தோளில் வாங்கி, இடது கையைச் சும்மா ஒட்ட வைத்துக்கொண்டு நடப்பேன். பார்க்கிறவனுக்குத் தூக்குகிற மாதிரிதான் தெரியும். கேங்கில் ஒருவன் தூக்கவில்லை என்றால் அவன் பாரம் மற்றவன்மேல் விழும். மேஸ்திரி அவனை அன்றைக்கே நிறுத்திவிடுவார். இடுப்பு பிடித்துக்கொண்ட அருணாச்சலத்தை அப்படித்தான் நிறுத்தினார். என் வீட்டுக்காரி கன்னியம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. எண்ணெய் தேய்த்து உருவிவிடும்போது அவள் சொல்வாள்: "இன்னும் எத்தினி நாளிக்கியா இப்டி ஏமாத்துவ? கர்த்தர் கண்ண மூடிக்கினாலும் மேஸ்திரி மூடிக்க மாட்டான்."

வாட்ச்மேன் வேலை கிடைத்தால் பிழைத்தேன். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வேகனோ இரண்டு வேகனோ, அவ்வளவுதான்.

மேஸ்திரி சொன்ன அன்று முதல் எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போது எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருவேன். கன்னியம்மா தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பஜாரில் பாக்கியநாதன் கடைக்குப் போனோம். லாரிக்காரர்களுக்குக் கயிறும் படுதாவும் விற்கிற கடை. முதலில் அவர் தார் பூசிய கறுப்புப் படுதாவை விரித்துக் காட்டினார்.

"யானை மேல போத்தினாலும் கிழியாது. கம்பெனி பில்லுதானே, எடுத்துக்கோ."

நான் மோந்து பார்த்தேன். தார் வாடை மூக்கில் ஏறியது. விரலால் அழுத்தினால் ஒட்டியது. "வெயில் அடிச்சா இது உருகி வெள்ள பெயின்ட்ல ஒட்டிக்கும்ணா. பிச்சி எடுத்தா பெயின்டும் கூட வரும்."

"அப்ப இது?" என்று பாலிதீன் காகிதத்தைக் காட்டினார். கலியன் அதைக் கையில் வாங்கி, காற்றில் ஒரு உதறு உதறினான். படபடவென்று அடித்தது.

"இது கல்யாணப் பந்தலுக்கு நல்லா இருக்கும்" என்றான். "ஒரு காத்துக்கு ஆந்திரா போயிடும். போயி புடிச்சிக்கினு வர்றது யாரு, உங்க மச்சானா?"

பாக்கியநாதன் முறைத்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய பட்டாளத்துக் கூடாரம் இரண்டை இழுத்து வந்து போட்டார். ஆவடியில் ஏலம் எடுத்ததாம். பச்சை நிறம் வெளுத்து, துவைத்துத் துவைத்துத் துணி மெத்தென்று ஆகியிருந்தது. புதுக் கேன்வாஸ் முதல் மழையில் சுருங்கும். இது சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டது. நான் ஒரு மூலையைத் தொட்டில் மாதிரி பிடிக்கச் சொல்லி, செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அப்படியே நின்றது. அடியில் ஈரம் இல்லை. ஆனால் கலியன் அடிப்பக்கம் விரலை வைத்துத் தேய்த்ததும், தேய்த்த இடத்திலிருந்து சொட்டு இறங்கியது.

"தொடாத கேன்வாஸு ஒழுவாது. தொட்டா ஒழுவும்" என்றான். "பொம்பள மனசு மாதிரி."

"உன் பொண்டாட்டி கிட்ட சொல்றன் இரு" என்றார் பாக்கியநாதன்.

அதனால் துணி கூரையில் படக் கூடாது என்று முடிவு செய்தோம். மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கூரை மேல் வில் வில்லாக நிறுத்தினோம். புகைக் குழாய், பக்கக் கண்ணாடி, ஜன்னல் முனை என்று கூராக இருந்த இடமெல்லாம் கோணி சுற்றினோம். கூடாரங்களைத் தையல் பிரித்து இரண்டு பெரிய துண்டுகளாக ஆக்கினோம். ஒன்று முன்பாதிக்கு, ஒன்று பின்பாதிக்கு. ஓரத்தில் வளையம் அடித்து, மெழுகு பூசிய சணல் நூலால் கலியன் கோணி ஊசியில் தைத்தான். நான் தரையில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்தேன், முடிச்சுப் போட்டேன், கீழ்க் கயிறு கட்டினேன். மேலே ஏறுகிற வேலை எல்லாம் அவனுக்கு. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

போர்த்தும்போது பின்பாதித் துண்டை முதலில் போட்டோம். முன்பாதித் துண்டை அதன்மேல் ஒரு முழம் ஏறும்படி இழுத்துக் கட்டினோம். லாரியில் எப்போதும் அப்படித்தான். சுற்றிவந்து பார்த்தோம். சுருக்கம் இல்லை, தொய்வு இல்லை.

மேஸ்திரி வந்து கயிற்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "பொணத்த கட்ன மாதிரி கட்டிக்கிறீங்கடா" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

கேட்டுக்கு வெளியே செங்கம்மாள் மீன் கூடையோடு உட்காருவாள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு விற்க வருவாள். மறுநாள் அவள் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, கூர மேல வாய தொறந்துகினு நிக்குது உன் வண்டி?"

"எது வாய்?"

"நடுவுல ரெண்டு துணியும் சேர்ற எடம். கடலப் பாத்து தொறந்துகீதே. வாடக் காத்து வந்து வாய்க்குள்ள பூந்தா வவுறு ஊதாம இன்னா பண்ணும்?"

கலியனுக்குக் கோபம் வந்துவிட்டது. "லாரி லாரியா கட்டி மசுரு நரச்சவன் நானு. நெல்லூரு வரைக்கும் போயிட்டு வந்தாலும் உள்ள ஒரு சொட்டு எறங்காது. நீ இன்னா கண்ட? மீன வித்தமா, போனமான்னு இரு."

"நெல்லூரு போற வண்டிக்கு மூஞ்சில காத்து. இது எங்க போவுதாம்?" என்றாள் அவள். பிறகு எவனோ மடவை மீன் கேட்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் துணி சேருகிற இடத்தை அண்ணாந்து பார்த்தேன். லாரி ஓடும்போது காற்று முன்னாலிருந்து அடிக்கும். அதனால் முன்துணி மேலே ஏறவேண்டும், மடிப்பின் வாய் பின்னால் பார்க்கவேண்டும். இது ஓடாத வண்டி. நிற்கிற வண்டிக்குக் காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் முன்பக்கம். நாங்கள் கடலுக்கு நேராக வாயைத் திறந்து வைத்திருக்கிறோம்.

"கலியா, பிரிச்சி மாத்திக் கட்டிடலாம்டா."

"அவ சொன்னான்னா? மேஸ்திரி பாத்து சரின்னுட்டாரு. இப்ப பிரிச்சா, தப்பா கட்னோம்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி. வேல போயிடும். கம்முனு கெட."

தனியாக மாற்றிக் கட்ட என் கையால் முடியாது. அவனைக் கெஞ்சி மேலே ஏற்றினாலும், நான் எதிர்ப்பக்கம் நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கி இழுத்தாகவேண்டும். அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. மழை ஆரம்பித்த பிறகு, வேலைக்கு நடுவே ஓடி ஓடிப் போய் பஸ்ஸைச் சுற்றிவருவேன். சாவி மேஸ்திரியிடம் இருந்ததால் உள்ளே பார்க்க வழியில்லை. அடியில் குனிந்து ஏதாவது சொட்டுகிறதா என்று பார்ப்பேன். நேராக விழுகிற மழை ஒன்றும் செய்யவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நான் பயந்தது காற்றுக்கு.

ஐப்பசிக் கடைசியில் அது வந்தது. ரேடியோவில் புயல் என்று சொல்லி, கம்பெனி வேலையை நிறுத்திவிட்டார்கள். காலையில் நாஷ்டா கூட முடிக்காமல் கிளம்பினேன். "மரம் வுழற காத்துல எங்கயா போற?" என்று கன்னியம்மா கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

மனைக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. கூரைமேல் முன்துணியின் ஓரம் தூக்கிக்கொண்டு, காற்று உள்ளே புகுந்து, படுதா சினைமாடு மாதிரி உப்பி நின்றது. பிறகு அடங்கி, மறுபடி உப்பியது. ஒவ்வொரு தடவையும் மூங்கில் வில் ஒன்று படீரென்று முறிந்தது. கூரைக் கண்ணாடி ஜன்னலுக்கு மேல் சுற்றியிருந்த கோணி ஏற்கெனவே பறந்துவிட்டது. முறிந்த மூங்கில் குத்திக் கண்ணாடி உடைந்தால் கட்டிலும் மெத்தையும் குளம் ஆகிவிடும்.

எனக்கு முன்னாலேயே கலியன் வந்திருந்தான். பஸ்ஸின் பின்பக்கம் நனைந்த கோழி மாதிரி நின்றான்.

"அந்த மீன்காரி வாயில..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "அவுத்து மாத்திடலாமா?"

"இப்ப அவுத்தா துணி பழவேற்காட்டுக்கே போயிடும். வாயத் தெச்சி மூடிடணும். நீ மேல போ."

சட்டைப் பையிலிருந்த ஊசியைப் பல்லில் கடித்து, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். கூரைமேல் குப்புறப் படுத்து, பறக்கிற ஓரத்தை எட்டி எட்டிப் பிடித்து, நாலைந்து வளையத்தில் கயிற்றைக் கோத்தான். கயிற்றின் இரண்டு நுனிகளையும் பின்பக்கமாக என்னிடம் எறிந்தான்.

"இஸ்து புடி! நீ இஸ்தாதான் படியும்! படிஞ்சாதான் ஊசி எறங்கும்!"

வலது கையால் பிடித்து இழுத்தேன். காற்று ஒரு உப்பு உப்பியதும் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

"ரெண்டு கையாலயும் இழுடா!"

இடது கையைத் தூக்கப் பார்த்தேன். மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் தோளுக்குள் கத்தி வைத்துத் திருகிய மாதிரி ஆகி, கண் இருட்டியது.

"தாவீது! செத்துட்டியா? ரெண்டு கை!"

"கை வராதுடா!" என்று கத்தினேன். "தோளு போச்சி! ஆடியிலர்ந்து!"

ஏணிப் பக்கம் அவன் தலை எட்டிப் பார்த்தது. மழை அவன் மூக்கிலிருந்து என் முகத்தில் சொட்டியது. என்னை ஒரு தரம், தொங்குகிற கையை ஒரு தரம் பார்த்தான். தலை மறைந்துவிட்டது.

நான் கயிற்றின் நுனிகளைச் சேர்த்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஏணியின் கீழ்க்கம்பியில் காலை உதைத்துக்கொண்டு, உட்காருகிற மாதிரி பின்னால் சாய்ந்தேன். என் கனம் முழுக்கக் கயிற்றில் இறங்கியது. மேலே துணி முனகிக்கொண்டு படிந்தது.

"படிஞ்சிச்சி! அப்டியே இரு! அசங்காத!"

அசையாமல் இருந்தேன். அவன் தைத்தான். காற்று உப்பும்போதெல்லாம் கயிறு என்னை ஏணிப் பக்கம் தூக்கும். அடங்கும்போது சேற்றில் இறக்கும். வயிற்றில் கயிறு பதிந்து மூச்சு முட்டியது. கூரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அவன் தைத்து முடிக்கிற வரைக்கும் நான் அப்படியே சாய்ந்துகிடந்தேன்.

முடித்துவிட்டு அவன் இறங்கும்போது மேஸ்திரி குடையோடு வந்தார். காற்று குடையை மேல்நோக்கித் திருப்பிவிட்டிருந்தது. இடுப்புக் கயிற்றை அவிழ்க்க முடியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாடா இது கோலம்? மாட்டயா கட்டி வெச்சிக்கிற?"

"ஆமா மேஸ்திரி" என்றான் கலியன். "இவன கையால இழுன்னா இழுக்க மாட்டான். ஏர்ல பூட்னாதான் இழுப்பான்."

மேஸ்திரி சிரித்தார். நான் கலியனைப் பார்த்தேன். அவன் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி கதவுப்பக்கத் துணியை விலக்கிப் பூட்டைத் திறந்து உள்ளே போனார். நாங்கள் படியில் நின்று எட்டிப் பார்த்தோம். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். தரையில் கையை வைத்துத் தடவினார். மேலே அண்ணாந்து கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது.

"பொழச்சிங்கடா" என்று இறங்கினார். "காத்து அடங்கட்டும். சிமெண்ட் வேகன் வந்து நிக்குது. விடிஞ்சதும் ரெண்டு பேரும் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்துடுங்க. ரெண்டு ஆள் கொறையுது, நீங்களும் இல்லன்னா எனக்குப் பேஜாரு."

கலியன் தலையாட்டினான். நானும் ஆட்டியிருக்கலாம். நாளைக்குப் போய் நின்றால் முதல் மூட்டையிலேயே தெரிந்துவிடும்; இடது கையை ஒட்ட வைத்துக்கொள்ளக்கூட இப்போது தெம்பில்லை. அங்கே பத்துப் பேர் முன்னால் விழுவதை விட இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"என்னால தூக்க முடியாது மேஸ்திரி."

"ஏன், ஜொரமா?"

"தோளு போயிடுச்சி. ஆடியிலர்ந்து. ஒரு கையாலதான் ஓட்டிக்கினு வரேன்."

மேஸ்திரி குடையை மடக்கினார். என் சட்டையை விலக்கித் தோளை அழுத்திப் பார்த்தார். நான் பல்லைக் கடித்தேன். கலியன் அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

"அட அறிவு கெட்டவனே" என்றார். "இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? நானு கலியன கேட்டுல போடலாம்னு இருந்தன். தூக்கற ஆள ஸ்டூல்ல குந்த வெச்சிட்டு, தூக்காத உன்ன வேகனுக்கு இட்டுனு போயி நான் இன்னா பண்றது? நீ கேட்டுல குந்து. கலியா, நீ விடிஞ்சதும் ஷெட்டுக்கு வந்துடு. சாவி இந்தா, தாவீது."

சாவியை என் வலது கையில் வைத்துவிட்டு, உடைந்த குடையைத் தலையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதமாக நான் எதை மறைத்து மறைத்துச் செத்தேனோ, அதற்கே வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். கலியனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் கேக்கலடா கலியா."

"நீ கேக்கல. உன் தோளு கேட்டுச்சி." நூலை ஊசியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டான். "எனக்கு மட்டும் முதுவு இன்னா கருங்கல்லா? ராவுல படுத்தா நிமுர முடியல. அதப்பத்தி நானும் ஒர்த்தன்கிட்டயும் சொன்னதில்ல."

"இப்ப போயி சொல்லு. ஓடு."

"ஒரு கேட்டுக்கு எத்தினி நொண்டிடா?" என்றான். சிரிக்கிற மாதிரிதான் சொன்னான். பிறகு மழையில் இறங்கி, தண்டவாளப் பக்கமாக நடந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கன்னியம்மா வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "வேலதான் கெடச்சிடுச்சே, பின்ன ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுனு கீற?" பிறகு என் இடுப்பில் கயிறு பதிந்த இடத்தில் எண்ணெய் வைத்தாள்.

மறுநாள் காற்று அடங்கிவிட்டது. எனக்கென்று கேட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். வெயில் ஏறும்போது ஸ்டேஷனிலிருந்து முதல் சிமெண்ட் லாரி வந்தது. மூட்டைகளின் மேல் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கலியன் நடுவில் இருந்தான். தலையெல்லாம் சிமெண்ட், புருவம் வெளுத்திருந்தது. வலது கையால் கேட்டைத் தள்ளித் திறந்தேன்.

"யோவ் வாட்ச்மேன்!" என்று மேலிருந்து கத்தினான். "சலாம் போடுயா! பாரம் போவுது இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். லாரி உள்ளே போனது. கேட்டைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடி உட்கார்ந்தேன். குடோனுக்குள் மூட்டை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு மூட்டை விழுகிற சத்தத்துக்கும் என் தோள் தானாகக் கொஞ்சம் குனிந்தது.